அபார்த் சாவியை மனைவி கேட்கிறார், கொடுக்கலாமா?

நாலாவது கியர் (மேடவாக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஃபியட்டின் 2016 அபார்த் புன்டோ வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 1.4 டி-ஜெட் டர்போ, 145 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திய பிறகு இதற்கு உதிரிபாகம் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கதவு பீடிங்குக்காக, அதாவது ஓரத்து ரப்பருக்காக, புனே வரை ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் ஈசிஆரில் மகாபலிபுரம் போய் வருவதோடு சரி, மற்ற நாளெல்லாம் கவருக்குள்தான் இருக்கும்.

இப்போது மனைவி தானும் ஓட்ட வேண்டும் என்கிறார். வேளச்சேரி டிராஃபிக்கில் தினமும் ஆபீஸ் போய் வருகிறவர், நன்றாகவே ஓட்டுவார். ஆனால் அது ஏஎம்டி வேகன்ஆர், கிளட்ச் பெடலே கிடையாது. அவர் கடைசியாக கிளட்ச் மிதித்தது கல்யாணத்துக்கு முன்னால், டிரைவிங் ஸ்கூல் மாருதி 800-இல். அபார்த்தின் கிளட்ச் கனம், ரொம்ப மேலே வந்துதான் பிடிக்கும். டர்போவோ 2000 ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) வரை சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தள்ளும். தரையிலிருந்து உயரம் 155 மில்லிமீட்டர். எங்கள் ஏரியாவில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகளில் ஏற்றி இறக்குவதற்கே தனிப் பயிற்சி வேண்டும்.

இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "போன மாசம் உங்க தம்பி எடுத்துக்கிட்டுப் போனாரே, அவருக்கும் இந்த கிளாஸ் எடுத்தீங்களா?"

அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

புகை சான்றிதழ்

கொடுக்காதீங்க பாஸ். கொடுத்தால் கிளட்ச் போகும், கொடுக்காவிட்டால் சாப்பாடு போகும். சாப்பாடு ஸ்விக்கியில் கிடைக்கும். அபார்த் கிளட்ச் எங்கே கிடைக்கும்?

செவ்வந்தி ஜிடிஎக்ஸ் (திருச்சி)

@புகை சான்றிதழ், சிரித்தாயிற்று. இப்போது என் கதையைக் கேளுங்கள்.

என்னிடம் இருப்பது பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ். அப்பா வாங்கியது, இப்போது என் பெயரில். அதில் இருக்கும் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் இன்றைக்கு அந்த விலைக்கு எந்தக் காரிலும் கிடைக்காது. குடிக்கிற பெட்ரோலும் அப்படித்தான், அதை விடுங்கள். எங்கள் வீட்டில் சாவி கேட்கிறவர் என் கணவர், யோசிக்கிறவள் நான்.

அவர் கல்லூரிக் காலத்திலிருந்து மேனுவல்தான் ஓட்டுகிறார். எப்படி என்று கேளுங்கள். சிக்னலில் முதல் கியரைப் போட்டுவிட்டு, பச்சை விழும் வரை கிளட்ச்சை மிதித்தபடியே நிற்பார். மேம்பாலத்து ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் ஹேண்ட் பிரேக் போட மாட்டார், ஆக்சிலரேட்டரும் ஹாஃப் கிளட்ச்சுமாக வண்டியைத் தொங்கவிடுவார். இடது கை எப்போதும் கியர் ராடின் மேல். இந்த மனிதரிடம் யாரும் ஒரு நாளும் "உங்களுக்கு மேனுவல் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டதில்லை. ஆம்பளை, ஓட்டத் தெரியாமலா இருக்கும்!

ஆகவே @நாலாவது கியர், உங்கள் மனைவி ஆறு மாதமா ஆறு வருடமா மேனுவலைத் தொடவில்லை என்பது பெரிய விஷயமே இல்லை. கெட்ட பழக்கம் இல்லாத கால், நாலு நாளில் கற்றுக்கொள்ளும். தப்பாகப் பழகிய காலைத் திருத்துவதுதான் கஷ்டம். உங்கள் தம்பி எப்படி ஓட்டுகிறார் என்று என்றைக்காவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

வடபழனி ஸ்பேனர்

தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், இறக்கிய கியர் பாக்ஸுக்குக் கணக்கில்லை. கிளட்ச் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்கள்.

பிளேட் தேய்வது அது வழுக்கும்போது மட்டும்தான். முழுசா மிதித்தாலும் தேயாது, முழுசா விட்டாலும் தேயாது. நடுவில் நிற்கிற நேரம்தான் செலவு. சிக்னலில் முழுசா மிதித்துக்கொண்டே நின்றால் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ரிலீஸ் பேரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் கத்த ஆரம்பிக்கும். கத்தினால் மாற்றுவது சின்ன பாகம்தான், அதற்கு கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். இறக்கினது இறக்கினோம் என்று டிஸ்க், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாகப் போடுவோம்.

புதுசாக ஓட்டுகிறவர்கள் வண்டியை ஆஃப் பண்ணிவிடுவார்களே என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆஃப் ஆவதால் கிளட்ச்சுக்கு ஒரு கேடும் இல்லை. ஆஃப் ஆகிவிடுமோ என்று பயந்து, 3000 ஆர்பிஎம் ஏற்றி மெதுவாக விடுகிறார்களே, அங்கேதான் கருகின வாடை வரும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் கத்தக் கத்த, அவங்க இன்னும் ஆக்சிலரேட்டரை மிதிப்பாங்க. உங்கள் கிளட்ச்சை உங்கள் வாயே தின்றுவிடும்.

புன்டோவில் இன்னொன்று. இடது காலை வைக்க டெட் பெடல் கிடையாது, கால் வைக்கும் இடமும் குறுகல். ஓட்டும்போது பாதம் தானாகப் போய் கிளட்ச் பெடலில் உட்காரும். ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் கியர் போட்டதும் காலைப் பின்னால் இழுத்துத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். உங்களையும் சேர்த்துத்தான் சார்.

ஒற்றைச் சாவி (கோவை)

நான் மாற்றுக் கருத்து. என்னிடம் 2004 ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. மனைவிக்குக் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன். அண்ணனுக்கும் கிடையாது, கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிற நண்பனுக்கும் கிடையாது. சர்வீஸுக்கு விட்டால்கூட டெஸ்ட் டிரைவுக்கு நான் கூடப் போவேன். அவங்களுக்கு வேறு கார் இருக்கிறது, நல்ல கார், என்னுடையதைவிடப் புதிது. ஒரு மனிதன் தனக்கென்று ஒரு பொருளை வைத்துக்கொள்வதில் என்ன தப்பு? அவங்க வீணையை நான் தொட்டதில்லை.

இதில் ஆண் பெண் என்ற பேச்சைக் கொண்டுவராதீர்கள்.

செவ்வந்தி ஜிடிஎக்ஸ் (திருச்சி)

@ஒற்றைச் சாவி அண்ணா, உங்களிடம் எனக்குச் சண்டையே இல்லை. "யாருக்கும் கிடையாது" என்றால் அது உங்கள் கொள்கை, உங்கள் வீட்டிலும் அதைப் புரிந்துகொண்டிருப்பார்கள். "தம்பிக்கு உண்டு, உனக்கு மட்டும் பரீட்சை" என்றால் அது கொள்கை இல்லையே. இழையைத் தொடங்கியவரின் மனைவி கேட்டதும் அதைத்தான். அவர் கார் கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறார்.

லண்டன் மழை

எங்கட பக்கத்து நிலைமையையும் சொல்லுறன். என்னட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 நிக்குது. ரெண்டு சீட், பின் சக்கர ஓட்டம், ஆறு கியர். கியர் மாத்துறதுக்குக் கை முழுக்க அசைய வேண்டாம், மணிக்கட்டு காணும்.

மனுசி யாழ்ப்பாணத்தில ஹையேஸ் வான் ஓட்டித் திரிஞ்சவ. என்னைவிட நல்லா கியர் மாத்துவா. ஆனா இலங்கை லைசன்ஸோட இங்க பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம், பிறகு இங்கத்தைச் சோதினை எடுக்க வேணும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏத்தி இறக்கிற அவசரத்தில ஓட்டோமாற்றிக்கில எடுத்திட்டா. இப்ப லைசன்ஸின்ர பின்பக்கம் 78 எண்டு ஒரு குறியீடு. அதின்ர அர்த்தம், ஓட்டோமாற்றிக் மட்டும்தான். அந்த லைசன்ஸோட மேனுவல் ஓட்டினா பொலிசுக்கும் பதில் சொல்ல வேணும், இன்சூரன்ஸிலயும் பிரச்சினை வரும். வான் ஓட்டின மனுசிக்குச் சட்டப்படி இந்தச் சின்னக் காரைத் தொட ஏலாது!

மேனுவல் சோதினைக்குத் திரும்பப் பதிஞ்சிருக்கிறா. பாஸ் பண்ணினதும் பொலிசியில அவவின்ர பேரையும் சேர்க்க வேணும். இங்க காரின்ர சொந்தக்காரன் சரி எண்டு சொன்னா மட்டும் காணாது, பேர் பொலிசியில இருக்க வேணும்.

தோ பாயோ டர்போ

சிங்கப்பூரிலும் அதே கதை. கிளாஸ் 3 என்றால் மேனுவல், ஆட்டோ இரண்டும். 3ஏ என்றால் ஆட்டோ மட்டும். என் மனைவிக்கு 3ஏ. என்னிடம் இருப்பதோ மேனுவல் ஸ்விஃப்ட் ஸ்போர்ட். பத்து வருட சிஓஇ (இங்கே கார் வைத்துக்கொள்வதற்கான அனுமதி) முடிந்தும் காரை விட மனம் வராமல் பணம் கட்டிப் புதுப்பித்தேன். அவ்வளவு பணத்தைக் கொட்டிய காரை நான் ஒருத்தன் மட்டும் ஓட்டுவதில் அர்த்தம் இல்லை என்று அவர் சொல்கிறார். எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. கிளாஸ் 3 டெஸ்ட்டுக்குப் பணம் கட்டியாகிவிட்டது.

பாலிசி பட்டாபி

இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க. இங்கே லைசென்ஸில் மேனுவல், ஆட்டோ என்று பிரிவு கிடையாது. கார் ஓட்டுவதற்கான எல்எம்வி இருந்தால் போதும். இன்சூரன்ஸும் வண்டியோடு போகிறது. உங்கள் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யார் ஓட்டினாலும் கிளெய்ம் செய்யலாம்.

யாரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பாலிசியோடு கட்டாயமாக வாங்குகிறோமே 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, அது உரிமையாளருக்கு மட்டும்தான். ஆர்சி கணவர் பெயரில் இருந்து மனைவி ஓட்டும்போது ஏதாவது ஆனால் அந்த 15 லட்சம் அவருக்கு வராது. மனைவி பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள். பிரீமியம் பெரிதாக இருக்காது. கதவுக்கு பீடிங் தேட புனே வரை ஆள் வைப்பவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

அப்புறம் நோ கிளெய்ம் போனஸ். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். பம்பர் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட்டு அதைத் தொலைக்காதீர்கள். கிளட்ச் தேய்மானத்துக்குக் கிளெய்ம் கிடையாது, அது யார் காலால் தேய்ந்தாலும்.

பழைய கார்ப்பரேட்டர்

மனைவி, கணவரின் காரை எடுத்த கதை என்றால் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, காரைக் கண்டுபிடித்த கணவர் கார்லிடம் சொல்லாமலே அவருடைய காரில் மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தொழிலில் அவருடைய சீதனப் பணமும் இருந்தது என்பதால் "உன் காரா, என் காரா" என்ற பேச்சுக்கே இடமில்லை.

எரிபொருளை வீஸ்லாக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். ஏற்றங்களில் பையன்கள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும், மலை ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார், அவரும் சேர்த்தார். நாமெல்லாம் இன்றைக்கு மேனுவல், மேனுவல் என்று உருகுகிற கியரில் ஒன்று, மனைவி ஓட்டிப் பார்த்ததால் வந்தது.

புகை சான்றிதழ்

@பழைய கார்ப்பரேட்டர், தாத்தா, இதை என் மனைவி கண்ணில் படாமல் வைக்க முடியுமா?

நாலாவது கியர் (மேடவாக்கம்)

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம்.

கூடுவாஞ்சேரி தாண்டி, பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட். ரோடு மட்டும் நன்றாகப் போட்டிருக்கிறார்கள், வீடு ஒன்றுகூட இல்லை, ஆடுகள் மட்டும் உண்டு. ஸ்பேனர் அண்ணா சொன்னதை மனதில் வைத்து, முதலில் ஆக்சிலரேட்டரே தொடாமல், வெறும் கிளட்ச்சில் காரை நகர்த்தும் பயிற்சி. செருப்பைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்தார். சீட்டை முன்னால் இழுத்து, கிளட்ச்சை அடி வரை மிதிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணினார். சில தடவை ஆஃப் ஆனது. அதற்குள் என் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. நான் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தியமாக. ஆனால் மூச்சு விட்டேன் போலிருக்கிறது.

"நீங்க இறங்குங்க."

இறங்கினேன். ஒரு பிளாட் கல்லின் மேல் உட்கார்ந்தேன். கார் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. இரண்டாவது கியருக்கு மாறும் சத்தம் கேட்டது, கொஞ்சம் தாமதமாக மூன்றாவதும். கடைசி முனையில் போய் நின்றதும் எனக்கு ரிவர்ஸ் ஞாபகம் வந்தது. புன்டோவில் ரிவர்ஸ் போட, கியர் குமிழுக்குக் கீழே இருக்கும் வளையத்தை விரலால் மேலே தூக்க வேண்டும். தெரியாதவர்கள் எவ்வளவு தள்ளினாலும் விழாது. சொல்லலாம் என்று எழுந்து நான் பத்தடி நடப்பதற்குள் வெள்ளை விளக்கு எரிந்துவிட்டது. காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

தம்பி எடுத்துப் போன அன்றைக்கு அவன் எனக்கு போன் செய்ததே இதைக் கேட்கத்தான். ஒரு ஓட்டல் வாசலில் காரைப் பின்னால் எடுக்க முடியாமல் நின்றிருந்தான். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

செவ்வந்தி ஜிடிஎக்ஸ் (திருச்சி)

சொல்லிவிடுங்கள். நல்ல பெயர் கிடைக்கும்.

வடபழனி ஸ்பேனர்

நல்லது. அடுத்து ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கிளட்ச்சை மெதுவாக விட்டால் காரின் மூக்கு லேசாகத் தூக்கும், எஞ்சின் சத்தம் கனக்கும். அந்த இடத்தில் காலை நிறுத்தி, ஆக்சிலரேட்டர் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கணும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவிலேயே பழகலாம். பின்னால் யாரும் வராத நேரமாகப் பாருங்கள்.

ஏலகிரி எக்ஸாஸ்ட்

மலைக்குக் கூட்டிப் போங்கள். முதல் தடவை கொல்லிமலை வேண்டாம், 70 வளைவு, அலுத்துவிடும். ஏலகிரி 14 வளைவுதான், ரோடும் அகலம், வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள் பெயரெல்லாம் வைத்திருப்பார்கள். ஏறும்போது இறுக்கமான வளைவில் இரண்டாவது கியரிலேயே இழுக்கப் பார்த்தால் ஆர்பிஎம் விழுந்து, டர்போ தூங்கி, கார் திணறும். தயங்காமல் முதல் கியருக்கு வரலாம். இறங்கும்போது இரண்டாவதிலேயே விடுங்கள், பிரேக்கைச் சூடாக்க வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது ஒன்றுக்குத்தான். வேகம் பிடித்து, மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு இழுக்கும்போது கை இடது பக்கம் சாய்ந்து இரண்டாவதில் விழுவது. எஞ்சின் அளவுக்கு மேல் சுற்றாமல் பார்க்கும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று நினைப்போம். அது பெட்ரோலை நிறுத்துமே தவிர, சக்கரம் எஞ்சினைப் பிடித்துச் சுற்றுவதைத் தடுக்காது. வால்வு பிஸ்டனில் முட்டினால் எஞ்சின் முடிந்தது. புதியவர்களைவிட, நன்றாக ஓட்டத் தெரியும் என்று நினைக்கிறவர்கள்தான் ஆவேசத்தில் இதைச் செய்வார்கள்.

குமிழை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, அதுதான் வழி. மூன்றிலிருந்து நாலுக்கு விரல்களை மடக்காமல், வெறுமனே நேராகப் பின்னால் இழுத்தால் போதும். நியூட்ரலில் இருக்கும் ஸ்பிரிங், ராடைத் தானாக நடுவில் கொண்டுவந்து நிறுத்தும். நாம் திசை காட்டினால்தான் தப்பாகப் போகும்.

ஒற்றைச் சாவி (கோவை)

எல்லாம் படித்தேன். என் கார் என்னோடுதான். ஆனால் மனைவி பெயரில் விபத்து பாலிசி எடுத்துவிட்டேன். @பாலிசி பட்டாபி, நன்றி.

புதுசு 2024

வணக்கம், இப்போதுதான் நானும் ஒரு அபார்த் வாங்கினேன். டயர் மாற்ற வேண்டும். @நாலாவது கியர், உங்களுடையதில் என்ன சைஸ், என்ன கம்பெனி போட்டிருக்கிறீர்கள்? சத்தம் எப்படி?

நாலாவது கியர் (மேடவாக்கம்)

வாழ்த்துகள் ப்ரோ. சைஸ் 195/55 ஆர்16, கம்பெனி போட்ட அதே அளவு. அதை மாற்றாதீர்கள், ஸ்டீயரிங் கெட்டுவிடும். மாடல் பெயர் ஞாபகம் இல்லை, டயரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கார் ஆபீஸ் போயிருக்கிறது, ஏழு மணிக்கு மேல் வரும். இன்றைக்கு என்னிடம் இருப்பது வேகன்ஆர்.